கதவைப் பார்த்த செருப்பு

பேய்க் கதை என்றதும் எல்லோரும் இருட்டைத்தான் எதிர்பார்ப்பார்கள். நாங்கள் வ்ரஸ்கோவ் ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது காலை பதினொரு மணி. சனிக்கிழமை. பளீரென்று வெயில். பழைய பீர் ஆலையின் கோபுரத்தில் நாரை ஒன்று கூடு கட்டியிருந்தது. வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நுழைவுச் சீட்டு கிழித்துக் கொடுத்தாள். இப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது நடக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

நான் நினைத்தேன். நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. முப்பத்தைந்து வருடமாக பில்சன் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன். குறுக்கே வரும் எவனும் நின்று வழிவிடுவான் என்று ஒரு நாளும் நம்பியதில்லை. அதனால்தான் இதுவரை யாரும் என் வண்டியில் அடிபடவில்லை.

"முகத்தைக் கொஞ்சம் நல்லா வெச்சுக்கோ வ்லாஸ்தா. ஆலையைச் சுத்திப் பார்க்க வந்தவ மாதிரியா இருக்கே? சோதனை போட வந்தவ மாதிரி இருக்கே," என்றான் என் கணவன் யிந்த்ரா.

"நீ பீர் குடிக்க வந்தே. நான் அதுக்கு வரலை."

"நானூறு வருஷத்து ஆலைக்கு வந்து பீர் குடிக்காம போனா அதுதான் பாவம்."

"வாயை மூடிட்டு வா. என் பழைய குடும்பப் பேரை யார்கிட்டயும் சொல்லிடாதே."

கல்யாணத்துக்கு முன் என் குடும்பப் பெயர் ஹவேல்கா. என் அப்பா ஒத்தகர் ஹவேல்கா இந்த ஆலையில்தான் வேலை பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று மார்ச் மாதம், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மலையைத் தாண்டினால் மேற்கு ஜெர்மனி. எல்லை தாண்டி ஓடிவிட்டார் என்றார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் அது தேசத் துரோகம். அம்மாவை ஆசிரியை வேலையிலிருந்து எடுத்துவிட்டுக் கழுவித் துடைக்க அனுப்பினார்கள். எனக்கு டாக்டருக்குப் படிக்க இடம் மறுத்தார்கள். அம்மா அன்றிலிருந்து அவர் பெயரைச் சொன்னதே இல்லை. 'அந்த ஆள்' என்பாள். நாற்பத்தெட்டு வருடமாக அந்த ஆள்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறாள். எண்பத்திரண்டு வயது. இடுப்பு உடைந்து மூன்று மாதமாகப் படுக்கை. இனி ரொம்ப நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கண்ணை மூடுவதற்குள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. அப்பா எங்களை உதறிவிட்டுப் போனாரா, இல்லையா? பழைய போலீஸ் கோப்புகளை இப்போது யாரும் கேட்டு வாங்கலாம். வாங்கினேன். அதில் ஒரே ஒரு சாட்சி. போஹுமில் மராஸ், ஆலைத் தொழிலாளி, இருபத்திரண்டு வயது. 'ஒத்தகர் ஹவேல்கா கட்டைச் செருப்போடு காட்டுப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.'

கட்டைச் செருப்போடு!

மார்ச் மாதம் அந்த மலையில் முழங்கால் அளவு பனி கிடக்கும். அப்பாவின் தோல் பூட்ஸும் கோட்டும் ஆலையின் அலமாரியில் இருந்ததாக ஒரு பையில் போட்டு வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பையை அம்மா கோபத்தில் அடுப்பில் போட்டாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூட்ஸை விட்டுவிட்டு மரக்கட்டையை மாட்டிக்கொண்டு எல்லை தாண்ட எவன் ஓடுவான்?

அந்தப் போஹுமில் மராஸ்தான் இன்றும் சனிக்கிழமைகளில் ஆலையைச் சுற்றிக் காட்டுகிறார் என்று ஆலையின் விளம்பரத்தில் போட்டிருந்தது.

---

கிழவர் உயரமாக, சுத்தமாக, நரைத்த மீசையோடு இருந்தார். மற்ற இரண்டு வழிகாட்டிகளும் பழைய காலத் தொழிலாளி வேஷத்தில் தோல் ஏப்ரனும் கட்டைச் செருப்பும் போட்டிருந்தார்கள். இவருக்கு ஏப்ரன் இருந்தது. காலில் ரப்பர் பூட்ஸ். அதைப் பார்த்ததுமே என் மனதில் ஒரு முள் குத்தியது.

எங்களோடு பக்கத்துக் கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்காரர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். வருடாந்திர உல்லாசப் பயணமாம். ஏற்கெனவே எங்கேயோ ஊற்றிக்கொண்டு வந்த முகங்கள்.

"தாத்தா, வரலாறெல்லாம் வேண்டாம். குழாய் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க," என்றான் ஒருவன்.

"நெருப்புப் பிடிச்சாலும் இப்படித்தான் அவசரப்படுவீங்களாப்பா?" என்றார் மராஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். யிந்த்ராவும் சிரித்தான். நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சிரித்தது. கண் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தது.

முளைகட்டிய பார்லியைக் காயப்போடும் களம், செம்புக் கொப்பரைகள், பீரை ஆறவைக்கும் அகலத் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நன்றாகத்தான் பேசினார். புளித்த மாவின் வாசனையும் ஈரச் செம்பின் வாசனையும் கலந்து வந்தன. படிக்கட்டை நெருங்கியதும் அவர் குரல் ஒரு படி இறங்கியது.

"கீழே நிலவறை. இடமெல்லாம் வழுக்கும். கூட்டத்தைவிட்டு யாரும் பின்தங்க வேண்டாம்."

நாற்பது படிகள். இறங்க இறங்க வெயில் முதுகைவிட்டுப் போனது. குளிர் முதலில் கணுக்காலைப் பிடித்தது. சுவர்களில் நீர் வழிந்தது. மஞ்சள் விளக்குகள் தூரத்துக்கு ஒன்றாக எரிந்தன. இருபுறமும் ஆள் உயரத்தைவிடப் பெரிய கருவாலி மரப் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

அப்புறம் அந்த வாசனை வந்தது.

பீப்பாயின் உட்புறம் ஊறாமல் இருக்க ஊசியிலை மரப் பிசினை உருக்கிப் பூசுவார்கள். குங்கிலியம் புகைந்தாற்போல ஒரு வாசனை. என் அப்பாவின் கை, சட்டை, தலைமுடி எல்லாம் இதே வாசனைதான். சாயங்காலம் அவர் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள்: "ஒத்தகர், அந்த நாத்தத்தோட மேஜைக்கு வராதே! முதல்ல கையைக் கழுவு!" நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பீப்பாயின் முகத்திலும், கீழே முழங்கால் உயரத்தில் ஒரு சிறுகதவு இருந்தது. ஒல்லியான ஆள் தோளைக் குறுக்கினால் நுழையலாம்.

"இதுக்குள்ளயா ஆள் போவாங்க?" என்று யிந்த்ரா கேட்டான்.

"போவாங்க. பீரைக் காலி பண்ணினதும் ஒருத்தன் மெழுகுவர்த்தியும் பிரஷ்ஷுமா உள்ள போய்த் தேய்ப்பான். அடியில விஷக்காத்து தங்கியிருக்கும். வர்த்தி அணைஞ்சா அடுத்தது ஆள். அதனால வெளிய ஒருத்தன் காவல் நிக்கணும்." மராஸ் சிறுகதவைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார். "உள்ள போறவன் கட்டைச் செருப்பைக் கதவுக்கு முன்னால விட்டுட்டுப் போவான். முனை கதவைப் பார்த்து இருக்கும். கட்டை கதவைப் பார்த்து இருந்தா, உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். எவனும் மூடக் கூடாது. வெளிய வந்ததும் கட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிடுவான்."

"கட்டை இல்லைன்னா?"

"மூணு தட்டு தட்டிப் பார்ப்பாங்க. உள்ள ஆள் இருந்தா ரெண்டு தட்டுவான். சத்தம் வரலைன்னா மூடிட்டு உள்ள புது பீரைத் திறந்துவிடுவாங்க."

மூன்று தட்டு, இரண்டு தட்டு. எங்கள் வீட்டில் அது விளையாட்டு. நான் கழிவறையில் இருந்தால் அப்பா கதவில் மூன்று தட்டுவார். நான் இரண்டு தட்டுவேன். "எலிக்குட்டி உள்ள இருக்கு, பீரைத் திறக்காதீங்கப்பா!" என்று அப்பா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். அது ஆலையின் வழக்கம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மராஸ் ஒரு மரச்சுத்தியலைத் தீயணைப்புக்காரர்களிடம் கொடுத்தார். தட்டிப் பார்க்கலாமாம். நிறைந்த பீப்பாய் தொப்பென்று அடங்கும், காலிப் பீப்பாய் மணி மாதிரிப் பாடும். அவர்கள் குழந்தைகளாகிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் பாடின. பாலம்போல வளைந்த நிலவறை முழுக்க எதிரொலி.

பதினாறாவது பீப்பாயும் பாடியது.

"பதினேழு வேண்டாம்," என்றார் மராஸ். ரொம்ப வேகமாகச் சொன்னார். "இரும்புப் பட்டை தளர்ந்திருக்கு. அடுத்ததுக்குப் போங்க."

நான் எட்டிப் பார்த்தேன். பட்டை உறுதியாகத்தான் இருந்தது. சிறுகதவு மூடியிருந்தது. அதன் முன்னால், தரையில், ஒரு ஜோடி கட்டைச் செருப்பு.

முனை கதவைப் பார்த்து இருந்தது.

"அது காட்சிக்கு வெச்சது," என்றார் மராஸ். நான் கேட்கவே இல்லை.

---

கூட்டம் வளைவைத் தாண்டிப் போனது. அங்கேதான் ருசி பார்க்கும் பீப்பாய் இருந்தது. யிந்த்ராவைக் கேட்கவா வேண்டும், முதல் ஆளாக நின்றான். எனக்கும் ஒரு கண்ணாடிக் குவளை வாங்கி நீட்டினான். ஒரு வாய் குடித்தேன். அவன் தீயணைப்புக்காரர்களோடு பேச்சில் இறங்கியதும் குவளையோடு மெல்லப் பின்வாங்கினேன். ஒருவன் சுத்தியலைத் தரையில் போட்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டேன்.

பதினேழின் முன்னால் வந்து நின்றேன்.

கட்டைச் செருப்புகள் மேல் விரல் தடிமனுக்குத் தூசு. ஆனால் அவற்றைச் சுற்றித் தரை ஈரமாக, துப்புரவாக இருந்தது. தினமும் யாரோ துடைக்கிறார்கள், செருப்பை மட்டும் தொடுவதில்லை. ஏன்? குவளையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டேன். பலகையில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. சொட்டுச் சொட்டாக எங்கோ நீர் விழுந்தது.

இவ்வளவு தூரம் வந்து தட்டாமல் போவேனா?

மூன்று தட்டினேன்.

பாடவில்லை. தொப்பென்று அடங்கியது. நிறைந்த பீப்பாயின் சத்தம்.

முப்பது வருடமாக இங்கே எதிலும் பீர் ஊற்றுவதில்லை, ருசிப் பீப்பாயைத் தவிர எல்லாம் காலி என்று மேலே சொல்லியிருந்தார்கள்.

காத்திருந்தேன். சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது. என் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. முட்டாள்தனம், எழுந்து போகலாம் என்று தரையில் கையை ஊன்றினேன்.

டொக்.

டொக்.

உள்ளேயிருந்து. முழங்கால் உயரத்திலிருந்து. என் காதுக்கு ஒரு பலகை தூரத்திலிருந்து.

சுத்தியல் என் கையிலிருந்து நழுவியது.

"உங்களுக்கும் கேட்டுதா?"

எனக்குப் பின்னால் மராஸ் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. ரப்பர் பூட்ஸ் சத்தம் போடாது.

"இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் தட்டிட்டாங்க," என்று கிசுகிசுத்தார். "யாருக்கும் பதில் வந்ததில்லை. நீங்க யாரும்மா?"

"ஹவேல்கா," என்றேன். "ஒத்தகரோட பொண்ணு."

அவர் சுவரில் சாய்ந்தார். அப்படியே சறுக்கி ஈரத்தரையில் உட்கார்ந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"கட்டைச் செருப்போட காட்டுக்குப் போனதைப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"மேஸ்திரி கூபேஸ் எழுதினாரு. நான் போட்டேன். அவர் செத்து இருபது வருஷமாச்சு."

"செத்தவர் தலையில போடாதீங்க. நீங்க சொல்லுங்க."

அவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஒத்தகர் உள்ள இருந்தாரு. நான்தான் வெளிய காவல். களத்துல ஒரு பொண்ணு வரச் சொல்லியிருந்தா. என் கட்டையில வார் அறுந்து கிடந்துச்சு. அவரோட கட்டையை மாட்டிக்கிட்டு ஓடினேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்னு நினைச்சேன்."

"அஞ்சு நிமிஷத்துல வந்தீங்களா?"

"நாப்பது ஆச்சு."

எனக்கு மேற்கொண்டு கேட்க வேண்டியதே இல்லை. செருப்பு இல்லை. மேஸ்திரி வந்து மூன்று தட்டியிருப்பார். அப்பா விஷக்காற்றில் மயங்கிக் கிடந்திருப்பார். பதில் வந்திருக்காது. மூடித் திருகிவிட்டு பீரைத் திறந்துவிட்டிருப்பார். ஆனாலும் நான் சந்தேகக்காரி. அவர் எதையோ இன்னும் விழுங்குகிறார் என்று தோன்றியது.

"நீங்க திரும்பி வந்தப்ப?"

"பீர் ஏறிக்கிட்டிருந்துச்சு."

"அப்பா?"

அவர் ஏப்ரன் ஓரத்தைப் பிடித்து முறுக்கினார்.

"தட்டினாரா?"

"ரெண்டு தட்டு," என்றார். "குளிர்ந்த பீர் பட்டதும் முழிச்சிருக்கணும். ரெண்டு தட்டு கேட்டுச்சு. கொஞ்சம் கழிச்சு மறுபடி ரெண்டு."

"என்ன பண்ணினீங்க?"

"மேஸ்திரியைக் கூப்பிட ஓடினேன்."

"எந்தச் செருப்போட?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை நாற்பத்தெட்டு வருடமாக எதிர்பார்த்திருந்தவர் மாதிரிப் பார்த்தார்.

"வெறுங்காலோட," என்றார்.

"முதல்ல அவர் கட்டையைக் கழட்டி இங்க வெச்சீங்க. உங்க மேல பழி வரக் கூடாதுன்னு, முனையைக் கதவைப் பார்த்துத் திருப்பி ஒழுங்கா வெச்சீங்க. அப்புறம் ஓடினீங்க."

"ஆமா."

"பீர்க் குழாய் எங்க இருந்துச்சு?"

அவர் கையை நீட்டினார். பதினேழுக்கும் பதினாறுக்கும் நடுவே, சுவரில், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பித்தளைக் குழாய்த் திருகு.

"அதை மூடலை."

"தோணலைம்மா. சத்தியமா அப்ப தோணவே இல்லை."

பாவி! என் உடம்பெல்லாம் எரிந்தது. அவரைக் கழுத்தைப் பிடித்து அந்தச் சிறுகதவுக்குள் திணிக்க வேண்டும்போல இருந்தது. மெதுவாகத்தான் கேட்டேன்.

"இப்ப அவர் எங்க?"

"ஐஸ் கிடங்குக்கு அடியில. நானும் கூபேஸும். அஞ்சாம் நாள்." அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "சுண்ணாம்பு போட்டோம்."

"அந்த பீரைக் கொட்டிட்டீங்களா?"

மராஸ் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கொட்டினீங்களா இல்லையா?"

"மேலதிகாரிங்க வந்திருந்தாங்க. கணக்கு கேட்பாங்கன்னு…" என்றவர் நிறுத்திவிட்டார். "கொட்டலை."

தரையில் என் குவளை பாதி நுரையோடு இருந்தது. சுவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது கிழவர் தானாகவே பேசிக்கொண்டிருந்தார். "தினமும் வரேன். கதவைத் திறந்து வெச்சுட்டுப் போறேன். காலையில வந்தா மூடியிருக்கு. கட்டை அங்கேயே இருக்கு. வந்து போட்டுக்கிட்டுப் போய்டு ஒத்தகர்னு கெஞ்சிட்டேன். நான் வெச்ச கட்டையைத் தொட மாட்டேங்கறாரு."

"எப்படித் தொடுவாரு? உங்க கால் பட்ட கட்டை."

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஏன் செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டைச் செருப்பைத் தூக்கி மராஸின் மடியில் போட்டேன். என் காலிலிருந்த பழுப்புத் தோல் செருப்பைக் கழற்றினேன். கதவுக்கு முன்னால், முனை கதவைப் பார்க்க, ஜோடியாக வைத்தேன். "திறங்க," என்றேன். அவர் தவழ்ந்து வந்து சிறுகதவின் திருகைத் தளர்த்தினார். கதவு உள்ளே விழுந்தது. கருப்பு. குங்கிலிய வாசனை முகத்தில் அடித்தது. கைப்பேசியின் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காலி. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"அப்பா," என்றேன் அந்தக் கருப்புக்குள். "எலிக்குட்டி வந்திருக்கேன். வீடு பில்சன்ல இருக்கு. அம்மா இருக்கா. போட்டுக்கிட்டு வாங்க."

எழுந்து படியேறினேன். பின்னால் கிழவர் அழுதார்.

"என்னை மன்னிக்கணும்னு கேட்கலைம்மா."

"நல்லது. கேட்காதீங்க. திங்கட்கிழமை போலீஸ்ல சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்வேன்."

---

கம்பளிக் காலுறையோடு பஸ் ஏறினேன்.

"செருப்பைத் தொலைக்கற அளவுக்கு நான் குடிச்சதே இல்லையே," என்றான் யிந்த்ரா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பாதி வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டுச் சத்தத்தையும் சொன்னேன். அவன் என் இரண்டு கால்களையும் தன் மடியில் தூக்கிவைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

அன்று சாயங்காலம் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அவர் ஓடிப்போகலை. ஆலையிலேயே செத்துட்டாரு. அன்னிக்கே."

அம்மா கூரையைப் பார்த்தாள். "பொய்," என்றாள்.

"கூட இருந்தவரே சொல்லிட்டாரும்மா."

"அந்த ஆள் போயிட்டான். அவ்வளவுதான்." சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பத்தெட்டு வருடம் திட்டித் தீர்த்த மனிதனை ஒரு சாயங்காலத்தில் எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது? அவள் தோள் குலுங்கியது. தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. மராஸ். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பதியும் நோட்டில் யிந்த்ரா எங்கள் நம்பரை எழுதிவைத்திருந்தானாம்.

"அம்மா, நீங்க வந்து செருப்பை எடுத்துக்கிட்டுப் போனீங்களா?"

"இல்லையே."

"நேத்து நான்தான் நிலவறையைப் பூட்டினேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. இப்ப பீப்பாய்க் கதவு திறந்தபடியே இருக்கு. செருப்பு இல்லை." மூச்சு வாங்கினார். "தட்டிப் பார்த்தேன். பாடுது. பதினேழு பாடுது."

போனை வைத்துவிட்டேன். கிழவன் ஏதோ நாடகமாடுகிறான், போலீஸுக்குப் போகாமலிருக்க என்னைக் குழப்புகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். யிந்த்ராவிடமும் அப்படியே சொன்னேன்.

மதியம் பன்றி வறுவல் அடுப்பில் இருந்தது. மாவு உருண்டைகளை வேகவைத்து நூலால் அறுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு சூப் வைத்துக் கொடுத்துவிட்டு அவள் அறைக் கதவைத் திறந்தே விட்டிருந்தேன். நான் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும் அவளுக்கு. சன்னலில் வெயில். கீழே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் கதவில் மூன்று தட்டு.

எங்கள் வீட்டில் அழைப்பு மணி இருக்கிறது. யாரும் தட்டுவதில்லை.

யிந்த்ரா அடுப்படி வாசலில் வந்து நின்றான். வெளுத்திருந்தான். "நீ சொன்ன அதே தட்டா?" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

நான் போனேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "திறக்காதே வ்லாஸ்தா."

திறந்தேன்.

மூன்று மாடிப் படியிலும் யாருமில்லை. கீழ்க்கதவு சாத்தும் சத்தமும் இல்லை. மிதியடியில் என் பழுப்புச் செருப்பு ஜோடியாக இருந்தது. பின்பக்கத் தோல் நசுங்கிப் படிந்திருந்தது, பெரிய பாதம் ஒன்று சின்னச் செருப்பில் மிதித்து நடந்ததைப் போல. ஓரமெல்லாம் காட்டுச் சேறு. குங்கிலியம் மணத்தது.

"யாரோ கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிருக்காங்க. அந்தக் கிழவன்தான்," என்றான் யிந்த்ரா. "விடு. உள்ள வா."

நான் நகரவில்லை. செருப்பு இருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனை எங்கள் கதவைப் பார்த்து இருந்தது.

மெல்லத் திரும்பினேன். நடையின் கடைசியில் அம்மாவின் அறை. நான் திறந்து விட்டிருந்த கதவு இப்போது மூடியிருந்தது.

உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அழுகையில்லை, கோபமுமில்லை. முப்பத்துநாலு வயதுப் பெண் அடுப்படியிலிருந்து கத்தும் அதே குரல்.

"ஒத்தகர், அந்த நாத்தத்தோட மேஜைக்கு வராதே. முதல்ல கையைக் கழுவு. சூப் ஆறிப்போச்சு பாரு."

யிந்த்ரா என் கையை இறுகப் பிடித்தான். அவனுக்கும் கேட்டது. நான் ஒவ்வோர் அடியாக வைத்து அந்தக் கதவு வரை போனேன். கைப்பிடியைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. விரலை மடக்கினேன்.

மூன்று தட்டினேன்.

அம்மாவின் பேச்சு நின்றது.

கட்டில் அறையின் மறுகோடியில், சன்னலோரம் இருக்கிறது. அவள் அதைவிட்டு எழுந்து மூன்று மாதமாகிறது.

கதவின் அடிப்பக்கத்திலிருந்து, முழங்கால் உயரத்திலிருந்து, இரண்டு தட்டு வந்தது.